ஆடிப்பட்டம் இன்னும் பலிக்கிறதா? சென்னை மாடித்தோட்டமும் மாறும் பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்கு மேற்கே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்துவருகிறேன். விதை கேட்டு வருகிற அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் பேச்சோடு பேச்சாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. முன்பு உரத்தைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது பெரும்பாலும் வெயிலையும் மழையையும் பற்றித்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இன்றைக்கும் பொருந்துமா?

பொருந்தும். அந்தப் பழமொழி ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆடிப் பதினெட்டில் விதைத்தால் ஐப்பசி முதல் தேதிக்குச் செடியின் வயது ஏறக்குறைய 75 நாள். அதற்குள் வேர் பிடித்து, தண்டு தடித்து, கொடியாக இருந்தால் பந்தலும் ஏறியிருக்கும். அடைமழை வரும்போது அதைத் தாங்கும் வயதில் செடி இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஆவணியிலும் புரட்டாசியிலும் சென்னையில் அவ்வப்போது மாலை இடிமழை பெய்யும். இளம் செடிக்கு அது போதும்.

மாறியிருப்பது கணக்கின் மறுபக்கம். ஐப்பசியில் பதமாகப் பெய்யவேண்டிய மழை சில ஆண்டுகளில் வராமலே போகிறது. சில ஆண்டுகளில் இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே நான் விதையை ஒரே நாளில் போட்டு முடிப்பதில்லை. கையில் இருப்பதை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை ஆடிப் பதினெட்டை ஒட்டியும், இன்னொரு பங்கை ஆவணி நடுவிலும் விதைக்கிறேன். மூன்றாவது பங்கு டப்பாவிலேயே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் இருந்த நாற்றுகள் அத்தனையும் அழுகிப்போயின. அந்தத் தை மாதம் மறுபடி தொடங்க என்னிடம் ஒரு பிடி வெண்டை விதைகூட இல்லை. நாட்டு விதை என்பதால் கடையிலும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுதான் இந்த மூன்று பங்குப் பழக்கம் தொடங்கியது.

பருவம் முழுவதுமே மாறிவிட்டதா? மாறாதது எதுவும் இல்லையா?

பகலின் நீளம் மாறவில்லை. சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு. கொடி அவரை இந்த வேறுபாட்டை அறியும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், பகல் குறுகி இரவு நீண்ட பிறகுதான் அது பூக்கும். "மூன்று மாதமாகத் தழைத்துக்கொண்டே போகிறது, ஒரு பூவும் இல்லை" என்று புரட்டாசியில் வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: பொறுங்கள், மார்கழியில் பாருங்கள். அந்தக் கொடியின்மேல் இரவு முழுவதும் விளக்கு வெளிச்சம் விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும். விளக்கை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

மற்ற மாநிலங்களில் ஜூனில் மழை. நமக்கு ஏன் அக்டோபர் வரை காத்திருப்பு?

தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது; மலையின் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. காற்று திசை மாறி வங்கக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவது அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழைதான். சென்னைக்குப் பாதிக்கும் மேல். ஆண்டு முழுதுக்குமான நீரின் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் வந்தாகவேண்டும் என்பதால், அந்த மூன்று மாதம் தவறினால் அடுத்த கோடை கடுமையாகிவிடுகிறது.

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்றார்களே?

பெரும்பாலான ஆண்டுகளில் அது சரிதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எண்ணிப்பாருங்கள். மார்கழி பிறந்த கையோடு தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில், அதுவும் வழக்கமாகக் குறைவாகவே மழை பெறும் கடலோரத்தில்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கிக்கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கடல் சூடேறும்போது மேலே போகும் ஈரமும் அதிகம். குளிர்ந்து விழும்போது அவ்வளவும் சேர்ந்து விழுகிறது. ஒரு குறிப்பிட்ட மழைக்குப் பருவநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கடலோரத்தில் பெருமழை முன்பும் பெய்ததுண்டு. பெய்யும்போது அதிகமாகப் பெய்வதற்கான வாய்ப்பு கூடியிருக்கிறது என்பதுதான் விஷயம். மார்கழியிலும் மாடியின் வடிகால் வாயைத் திறந்தே வைத்திருங்கள்.

எல் நினோ ஆண்டு என்றால் நமக்கு வறட்சிதானே?

இல்லை. எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. அது பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் அது சாதகம். சென்னை மூழ்கிய 2015 வலுவான எல் நினோ ஆண்டு. 2023உம் எல் நினோ ஆண்டுதான். ஆனால் இதையும் விதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது: அதற்கு நேரெதிரான, அந்தக் கடல் குளிரும் லா நினா நிலை இருந்த 2021 நவம்பரிலும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றது.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் குறைந்துவிடுமா?

அப்படி நம்பி நிழல்வலையைக் கழற்றிவிடாதீர்கள். அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது அது முடிந்த பிறகு.

இந்த நகரத்துக்கு வெயிலின் உச்சத்தைத் தீர்மானிப்பது கடல்காற்று. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அங்கேயே நிற்கும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று வலுத்துக் கடல்காற்றைத் தடுத்துவிடும். அது வந்துசேர மாலையாகிவிட்டால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தாம்பரம், பூவிருந்தவல்லி போன்ற உள்பகுதிகளுக்குக் கடல்காற்று இன்னும் தாமதமாகத்தான் வரும். திருவான்மியூரில் இருக்கும் என் தங்கை வீட்டு மாடியில் வாடாத செடி எங்கள் மாடியில் வாடுவதற்குக் காரணம் இதுதான். ஒரே சென்னை என்று அவளைப் பார்த்து நான் அட்டவணை போட முடியாது.

ஏப்ரலில் தக்காளி பூத்துக் குலுங்குகிறது. ஒரு காயும் நிற்பதில்லையே?

இது உரக்குறைவு இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் செயலிழந்துவிடும். பூ காம்போடு உதிரும். இரவுச் சூடுதான் இதில் முக்கியம். பகலில் நிழல் கொடுத்தாலும் இரவைக் குளிர்விக்க நம்மால் ஆகாது. காங்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளியிடுகின்றன.

சென்னையில் தக்காளிக்கு ஏற்ற காலம் பனிக்காலம். புரட்டாசிக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகையில் மழை ஓயும் சமயம் பார்த்துப் பையில் நடுங்கள். தையிலிருந்து பங்குனி வரை பறிக்கலாம். முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கொத்தமல்லி எல்லாமே இந்தக் காலத்துக்கு உரியவைதான். சித்திரை வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை. கத்தரியைக் கோடையில் பாதியாக வெட்டிவிட்டால் ஆடிக் காற்று தொடங்கும்போது புதிதாகத் துளிர்த்து வரும்.

நிழல்வலை எத்தனை சதவீதம்?

ஐம்பது. அதற்கு மேல் போனால் வெண்டையும் மிளகாயும் ஒளி இல்லாமல் நெட்டையாக வளர்ந்து காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். மாசிக் கடைசியில் கட்டி, புரட்டாசியில் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வலை காற்றுக்குப் பாயாக விரிந்து கம்பத்தோடு சாய்ந்துவிடும்.

கோடையில் எத்தனை முறை தண்ணீர் விடவேண்டும்? தண்ணீரே இல்லாவிட்டால்?

விரலைக் கேளுங்கள். மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் குத்திப்பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். வேண்டுமானால் காலை ஏழு மணிக்குள் விட்டுவிடுங்கள். மாலையில் விடுபவர்கள் குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிடவேண்டும். வெயிலில் கிடந்த குழாயின் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும், வேர் வெந்துவிடும். காய்ந்த இலை, தென்னை மட்டை, கரும்புச் சக்கை எது கிடைக்கிறதோ அதை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். மூடாக்கு இல்லாத பைக்கு நான் இரண்டு வேளை தண்ணீர் விடவேண்டியிருந்த நாட்களில், மூடாக்குப் போட்ட பைக்கு ஒரு வேளையே போதுமாக இருந்தது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இன்னொரு தொல்லை. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பையிலேயே தங்கிவிடும். வைகாசிக்குள் இலை நுனிகள் கருகத் தொடங்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போட்டால் நிலைமை மோசமாகும். வாரம் ஒருமுறை பையின் அடியில் வழியும் அளவுக்கு நிறைய விட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை நேராகச் செடிக்கு விடவேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம்.

தண்ணீரே இல்லாத காலமும் வந்தது. 2018இல் பருவமழை பொய்த்ததால், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. எங்கள் தெருவில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு மாடி ஏறி வெண்டைக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. காய்கறிகளை விட்டுவிட்டேன். முருங்கை, கறிவேப்பிலை, பிரண்டை, கற்பூரவல்லி மட்டும் அரிசி பருப்பு கழுவிய நீரில் பிழைத்தன. காலியான பைகளை உதறாமல் மூடாக்குப் போட்டு அப்படியே வைத்திருந்தேன். மழை வந்ததும் அதே மண்ணில் கீரை விதைத்தேன். தோட்டத்தைச் சில மாதம் நிறுத்திவைப்பது தோல்வி ஆகாது. எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை காப்பது என்று கோடைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடைமழைக்கு முன் மாடியில் செய்யவேண்டியவை?

எல்லாவற்றுக்கும் முதலில் வடிகால் குழாயின் வாய். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அந்த மாடிக்கு அது 45,000 லிட்டருக்கு மேல். பைகளிலிருந்து உதிர்ந்த இலையும் நார்க்கழிவும் அடைத்துக்கொண்டு பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்கூட, ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட எடை உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. இதை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வடிகால் வாயில் ஒரு கம்பி வலைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, மழைநாளில் காலையும் மாலையும் ஒருமுறை துப்புரவு செய்தால் போதும்.

பைகளின் எடையும் கணக்கில் வரவேண்டும். ஓரடி நீள, அகல, உயரமுள்ள பையில் செம்மண் கலவை நனைந்தால் 40 கிலோவைத் தாண்டும். நார்க்கழிவும் மண்புழு உரமும் மிகுதியாகச் சேர்த்தால் எடை வெகுவாகக் குறையும். பெரிய பைகளை மாடியின் நடுவில் வைக்காமல் சுவருக்கும் உத்திரத்துக்கும் நேர்மேலே வையுங்கள். தரையில் நேராக வைக்காமல் அரையடி உயரத் தாங்கியில் வைத்தால் அடியில் ஈரம் தேங்காது.

மாடியில் விழும் நீரைத் தெருவுக்கு விடாமல் கிணற்றுக்கோ உறைகிணற்றுக்கோ திருப்புங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கும். அடியில் உள்ள மணலும் ஜல்லியும் மாற்றப்படாமல் சேறாகியிருக்கும். ஆவணியில் அதை எடுத்துக் கழுவிப் போடவேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டர் அளவிலிருந்து கனமழை, பதினொன்றரைக்கு மேல் மிகக் கனமழை, இருபதரை அளவிலிருந்து அதி கனமழை. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் தொங்கும் தொட்டிகளை இறக்கிவிடுவேன். சிவப்பு என்றால் பந்தல் கொடிகளை இடுப்பளவுக்கு வெட்டி, பைகளை ஒரு மூலையில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவேன். கம்பம், தகடு, காலி டப்பா, மண்வெட்டி எதுவும் மாடியில் இருக்காது. காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் உயிருக்கே ஆபத்து.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயலின் கண் கடக்கும் இடத்தில் காற்று சிறிது நேரம் நின்றுவிடும். பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அந்த இடைவெளியில் செடியைப் பார்க்க மாடி ஏறக்கூடாது. இதை என் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

தண்ணீரில்தானே நிற்கிறது, மழைக்குப் பிறகு செடி ஏன் வாடுகிறது?

வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று இடம் இல்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. பையின் அடித் துளைகளைக் குத்தித் திறந்து, மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். வேரழுகலைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால் மட்கிய உரத்தோடு கலந்து போடலாம். உடனே உரம் வேண்டாம். புதுத் துளிர் வரும்வரை பொறுங்கள்.

பூச்சிகளும் காலம் மாறி வருகின்றனவே?

பூச்சிக்கு நாள்காட்டி கிடையாது. வெப்பமும் ஈரமும்தான் அதன் கணக்கு. வறண்ட சூட்டில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்திப்பேனும் பெருகும். குளிர்ந்த, மேகமூட்டமான நாட்களில் அசுவினி. பனியும் வெயிலும் கலந்த தை, மாசியில் வெண்டையிலும் பூசணியிலும் சாம்பல் நோய். மழை இல்லாத வறட்சி மார்கழிவரை நீண்டால் கோடைப் பூச்சியும் மார்கழிவரை நீளும்.

வேப்ப எண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைவதற்குச் சிறிது காதி சோப்பு. மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். காலை வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

தென்னை வைத்திருப்பவர்கள் கேட்கும் சுருள் வெள்ளை ஈ வேறு கதை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட வெளிநாட்டுப் பூச்சி அது. வறண்ட நாட்களில் பெருகும், நல்ல மழையில் குறையும். அதை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. கடுமையான இரசாயன மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் ஒட்டும் அட்டையும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும் போதும்.

தோட்டத்தால் கொசு வருகிறது என்று கீழ்வீட்டார் சொல்கிறார்கள்.

தட்டில் தண்ணீர் நின்றால் அவர்கள் சொல்வது உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே வாரம் ஒரு நாளை நிச்சயித்துக்கொண்டு எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்ப்பது அவசியம், ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமலும் பல மாதம் உயிரோடு இருக்கும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை வேலை.

வீட்டுக்குள் இந்த மாற்றத்தை எங்கே உணர்கிறீர்கள்?

மாவுப் பானையில். மார்கழியில் இட்லி மாவு பொங்க இரவு முழுதும் போதாது, அடுப்பருகே வைப்போம். இப்போது மார்கழியிலும் சில இரவுகள் சூடாகவே இருக்கின்றன; விடியுமுன் மாவு புளித்துவிடுகிறது. மொட்டைமாடியில் வடாம் பிழியும் அம்மா, மூன்று நாள் வெயில் நிச்சயம் என்று பார்த்துத்தான் கூழ் கிளறுவார். இப்போது முன்னறிவிப்பைக் கேட்காமல் அரிசி ஊறவைப்பதில்லை.

மாமரமும் சொல்கிறது. பூக்க அதற்கு வறண்ட குளிர் வேண்டும். மார்கழி, தையில் மழை பெய்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும். பூத்தவையும் தத்துப்பூச்சியிலும் கருகலிலும் போய்விடும். அந்த ஆண்டு மாவடுவுக்குக் காசு அதிகம் கொடுக்கவேண்டியிருக்கும்.

மாடித்தோட்டம் வீட்டைக் குளிர்விக்குமா?

செடி நிழல் விழும் பகுதிக்குக் கீழே உள்ள அறை நிச்சயமாக வேறுபடும். எங்கள் வீட்டில் அந்த அறையில்தான் கோடையில் எல்லோரும் படுக்கிறோம். ஆனால் என் நூறு பைகளால் தெருவின் சூடு குறையாது. அதற்குத் தெருவில் வேம்பும் புங்கனும் வேண்டும். ஏரியும் குளமும் தூர்க்கப்படாமல் இருக்கவேண்டும். நிழலில்லாத நடைபாதையில் காலை முதல் உட்கார்ந்து கீரை விற்கும் அம்மாவுக்கு என் மாடியால் பயனில்லை. எங்கள் தெருவில் நான்கு புங்கன் வைத்தோம்; இரண்டு பிழைத்தன. இப்போது அவர் அதில் ஒன்றின் கீழே கூடையை வைக்கிறார்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்கவேண்டியது எது?

ஒரு நோட்டு. பக்கம் செங்குத்தாக உள்ள ஒரு டப்பாவையும் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் நின்ற மழைநீரை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் நாளின் மழையைக் கணக்கிடுகிறது. கூடவே முதல் மாம்பூ, முதல் வேப்பம்பூ, தக்காளி பூ உதிரத் தொடங்கிய நாள், கடல்காற்று வந்த நேரம். ஐந்து ஆண்டு எழுதினால் உங்கள் மாடிக்கான பட்டம் எது என்று அந்த நோட்டு சொல்லும். மழையில் நனையாத மைப் பேனாவாகப் பார்த்து வாங்குங்கள். என் 2017ஆம் ஆண்டுப் பக்கங்கள் கரைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்.